போன பெட்டியே திரும்பி வர வேண்டும்: காலி பாட்டில்களுக்கான அட்டைப்பெட்டியை வடிவமைக்கும் முறை

செக்கு எண்ணெய், தேன், பழச்சாறு, பால் என்று கண்ணாடி பாட்டிலில் விற்பவர்கள் பலர் காலி பாட்டிலைத் திரும்ப வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். பாட்டில் திரும்பி வருகிறது, பெட்டி வருவதில்லை. வந்தாலும் டேப் கிழித்த இடத்தில் உரிந்து, அடிப்பக்கம் தொங்கி, பழைய பேப்பர் கடைக்குத்தான் போகிறது. இதற்கு அட்டையைக் குறை சொல்வது சரியல்ல. அந்தப் பெட்டி நிறைந்த பாட்டிலை ஒரே ஒரு தடவை கொண்டுபோவதற்காக மட்டும் வடிவமைக்கப்பட்டது. திரும்பும் பயணம் முற்றிலும் வேறு மாதிரி. பாட்டிலுக்கு மூடி இருக்காது, ஆறில் ஒன்று குறையும், உள்ளே எண்ணெய்ச் சொட்டு இருக்கும், எடை குறைவு என்பதால் தூக்கிப் போடுவார்கள். அதனால் வடிவமைப்பைத் திரும்பி வரும் காலிப் பாட்டிலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். தினமும் கடைக்கும் ஆலைக்கும் நடுவே சொந்த வண்டியில் சுற்றுகிற பாட்டிலுக்கு அட்டை வேண்டாம், பிளாஸ்டிக் கிரேட்தான் சரி. அதைக் கழுவலாம், மழையில் வைக்கலாம், வருடக்கணக்கில் உழைக்கும். அட்டை பயன்படுவது வீட்டுக்குப் போகும் சரக்குக்கு: மாதம் ஒரு முறை, கூரியரிலோ டெலிவரி வண்டியிலோ போய், காலியோடு திரும்புவதற்கு. கிரேட்டை யார் வீட்டிலும் ஒரு மாதம் விட்டுவைக்க முடியாது. தொலைந்தால் நஷ்டம் பெரிது.

எத்தனை சுற்றுக்கு வடிவமைப்பது என்பதைத் திரும்பும் விகிதமே சொல்லிவிடும். அனுப்பியதில் 100க்கு 80 பெட்டி திரும்பினால் ஒரு பெட்டி சராசரியாக 5 சுற்று போகும். 100க்கு 50தான் திரும்பும் என்றால் சராசரி 2 சுற்றுதான். கணக்கு எளிது: திரும்பாத பங்கால் 1ஐ வகுத்தால் சராசரிச் சுற்று கிடைக்கும். பாதிப் பெட்டி தொலைகிற இடத்தில் 10 சுற்று தாங்கும் பெட்டியில் காசைப் போடுவது வீண். முதலில் முன்பணம் வையுங்கள். நீலகிரியில் 2022ல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. அதே போல பெட்டிக்கும் ஒரு தொகை தனியாக இருந்தால் வாங்கியவர் அதைக் குப்பையில் போட மாட்டார். கீழே வரும் அளவுகள் 6 சுற்று இலக்குக்கானவை.

பாட்டிலை அளப்பது

கைவசம் உள்ள பாட்டிலில் குறைந்தது 20ஐ எடுத்து வெர்னியர் காலிப்பரால் விட்டத்தை அளந்து, அதில் பெரிய எண்ணை எடுங்கள். சராசரியை எடுக்கக் கூடாது. திரும்பி வரும் பாட்டிலில் பழைய அச்சு, புதிய அச்சு இரண்டும் கலந்திருக்கும். லேபிள் தடிமனையும் சேர்த்து அளக்க வேண்டும். உயரத்தை மூடியோடு ஒரு முறை, மூடியில்லாமல் ஒரு முறை எடுங்கள். தோள் எங்கே வளைய ஆரம்பிக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டில்களுக்கு நடுவே தடுப்பாக நிற்கும் பார்ட்டிஷனின் உயரத்தை அதுதான் தீர்மானிக்கும்.

இங்கே கணக்குக்கு ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: விட்டம் 84 மி.மீ, மூடியோடு உயரம் 275 மி.மீ, தோள் தொடங்குவது 190 மி.மீ, காலி எடை 520 கிராம். எண்ணெய் லிட்டருக்கு ஏறத்தாழ 920 கிராம் என்பதால் நிறைந்த பாட்டில் 1.44 கிலோ, ஆறு பாட்டில் 8.64 கிலோ. காலியில் ஆறும் சேர்ந்து 3.12 கிலோதான்.

ஒரு பெட்டிக்கு ஆறு போதும். பன்னிரண்டு வைத்தால் 17 கிலோவைத் தாண்டும். வீட்டில் அதைத் தூக்கி வாசலில் வைக்க முடியாதவர் பாட்டிலை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக் கொண்டுவருவார். அன்றோடு பெட்டி போயிற்று.

உள்ளளவு

மூன்றுக்கு இரண்டு அடுக்கு. ஒவ்வோர் அறைக்கும் விட்டத்தைவிட 3 மி.மீ கூடுதல், அதாவது 87 மி.மீ. பார்ட்டிஷன் 3 பிளை (மூன்று பேப்பர் அடுக்கு: இரண்டு நேர்ப் பேப்பர், நடுவில் அலைபோல் வளைந்த ஃப்ளூட்), சிறிய ஃப்ளூட், தடிமன் 3 மி.மீ.

நீளம்: 87 மூன்று, அதோடு பார்ட்டிஷன் இரண்டு = 267 மி.மீ. அகலம்: 87 இரண்டு, அதோடு பார்ட்டிஷன் ஒன்று = 177 மி.மீ. உயரம்: அடியில் போடும் தனித் தட்டு 3, பாட்டில் 275, மேலே இடைவெளி 3 = 281 மி.மீ.

அந்த 3 மி.மீ இடைவெளியைக் குறைக்காதீர்கள். புதுப் பெட்டியில் பாட்டில் இறுக்கமாக இறங்கினால் நன்றாகத்தான் தெரியும். ஈரக் காற்றில் அட்டை உப்பியதும் பாட்டிலை இழுத்து எடுக்க வேண்டிவரும், இழுக்கும்போது பார்ட்டிஷனும் கூடவே வெளியே வந்துவிடும். 6 மி.மீக்கு மேலே போனாலும் ஆபத்து: பாட்டில் ஆடி, ஒவ்வொரு குலுக்கலிலும் பார்ட்டிஷனை அடித்து நசுக்கும்.

பெட்டி செய்யும் ஆலைக்குக் கொடுக்க வேண்டியது உள்ளளவை அல்ல, மடிப்புக் கோட்டுக்கு மடிப்புக் கோடு அளவை. பெட்டிச் சுவரின் 5 பிளை அட்டை 6.5 மி.மீ தடிமன் என்றால் நீளப் பக்கத்துக்கு 274, அகலப் பக்கத்துக்கு 184, உயரத்துக்கு 294 மி.மீ. பசை ஒட்டும் பக்கத்தோடு சேரும் கடைசிச் சுவரை மட்டும் 2 மி.மீ குறையுங்கள், அப்போதுதான் பெட்டி கோணாமல் சதுரமாக நிற்கும். ஒட்டும் விளிம்பு 35 மி.மீ. எந்த ஆலையும் டை (அட்டையை வெட்டி மடிப்புக் கோடு போடும் அச்சு) அடிப்பதற்கு முன் கையால் வெட்டிய மாதிரிப் பெட்டி ஒன்று செய்து தரும். அதில் ஆறு பாட்டிலை இறக்கிப் பார்க்காமல் டைக்குப் பணம் கட்டாதீர்கள்.

எந்தப் பேப்பர்

அட்டையின் வலுவை ஆலைக்காரர்கள் ஜிஎஸ்எம், பிஎஃப் என்ற இரண்டு எண்ணால் பேசுவார்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் பேப்பரின் எடை, கிராமில். பிஎஃப் என்பது வெடிப்பு வலுவைக் குறிக்கும் எண். ஜிஎஸ்எம்மை பிஎஃப்ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் அந்தப் பேப்பர் வெடிக்கும் அழுத்தம், சதுர செ.மீக்கு இத்தனை கிலோ என்று கிடைக்கும். நேர்ப் பேப்பர்களை முழுசாகவும் ஃப்ளூட் பேப்பர்களைப் பாதியாகவும் கூட்டுவது வழக்கம்.

இந்தப் பெட்டிக்கு நாங்கள் சொல்வது இது: வெளிப்பேப்பர் 180 ஜிஎஸ்எம், 22 பிஎஃப், மறுசுழற்சி செய்யாத புது நார் கிராஃப்ட் பேப்பர். நடு, உள் பேப்பர்கள் 150 ஜிஎஸ்எம், 20 பிஎஃப். ஃப்ளூட் இரண்டும் 120 ஜிஎஸ்எம், 18 பிஎஃப். கூட்டினால் 3.96, 6.0, 2.16, மொத்தம் 12 கிலோவுக்குச் சற்று மேல்.

வெளிப்பேப்பரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய பேப்பரைக் கூழாக்கிச் செய்த கிராஃப்டில் நார் குட்டையாக இருக்கும். ஒரு தடவை மடிக்க அது போதும், முப்பது தடவை மடித்தால் மடிப்புக்கோட்டில் தூளாகக் கொட்டும். உள்ளே உள்ள நான்கு அடுக்கிலும் மறுசுழற்சிப் பேப்பர் இருக்கலாம், தப்பில்லை.

வெடிப்பு வலுவைத் தவிர ஓரத்தில் நிற்கும் வலு, அதாவது ஈசிடி, மீட்டருக்கு 6 கிலோநியூட்டன் என்று எழுதிக் கேளுங்கள். அடுக்கும்போது வேலை செய்வது இதுதான். நிறைந்த பெட்டி அட்டையோடு சேர்த்து சுமார் 9.1 கிலோ. ஆறு பெட்டி உயரம் அடுக்கினால் அடியில் இருப்பதன் மேல் 45 கிலோவுக்கு மேல் ஏறும். நாள்பட நிற்பது, ஈரம், தூக்கிப்போடும் அடி எல்லாவற்றுக்கும் ஐந்து மடங்கு வைத்தால் 230 கிலோ தாங்க வேண்டும். பெட்டி எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் மெக்கீ சூத்திரப்படி ஈசிடியை 5.87ஆல் பெருக்கி, சுற்றளவையும் தடிமனையும் மீட்டரில் பெருக்கியதன் வர்க்கமூலத்தால் மறுபடி பெருக்கினால் 2.7 கிலோநியூட்டன் வரும், அதாவது இந்தப் பெட்டி 270 கிலோவை ஒட்டித் தாங்கும். புதுப் பெட்டிக்குத்தான் இந்த எண். கைத்துளை, பூட்டுத் துளை போட்டபின் இன்னும் குறையும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 90க்கு ஏறினால் அட்டையின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடங்கில் இருக்கும் பெட்டிக்கு இதுதான் நடக்கிறது. அதனால் இரண்டாம் சுற்றிலிருந்து நான்கு பெட்டி உயரத்துக்கு மேல் அடுக்க வேண்டாம்.

ஃப்ளூட் வரி எல்லாச் சுவரிலும் பார்ட்டிஷனிலும் நெட்டுக்கு நிற்க வேண்டும். பார்ட்டிஷனில் பேப்பரை மிச்சப்படுத்த ஆலையில் சில சமயம் படுக்கை வரியாக வெட்டிவிடுவார்கள். சரக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அடியும் இணைப்பும்

சாதாரணப் பெட்டியில் நீளப் பக்க மடிப்புகள் நடுவில் சந்திக்கும், குட்டைப் பக்க மடிப்புகள் சந்திக்காமல் இடையில் பள்ளம் விடும். அந்தப் பள்ளத்தின் மேல் நிற்கும் நடு இரண்டு பாட்டில்தான் மூன்றாவது சுற்றில் அடியைத் தொங்கவைக்கும். இதில் குட்டைப் பக்க மடிப்பை 135 மி.மீ ஆக்குங்கள், இரண்டும் நடுவில் சந்தித்துவிடும். நீளப் பக்க மடிப்பு 91 மி.மீ. இப்போது அடி முழுவதும் இரண்டு அடுக்கு, பள்ளம் எங்கும் இல்லை.

இந்தப் பெட்டி காலி பாட்டிலோடு திரும்பி வருவதால் தட்டையாக மடங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே அடியை வெள்ளைப் பசையால் முழுக்க ஒட்டிவிடுங்கள். பிரிக்கக்கூடிய அடி என்பது இந்த வேலைக்குத் தேவையில்லாத பலவீனம். பக்க இணைப்பையும் கம்பிப் பின் அடிக்காமல் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். கம்பிப் பின் ஈரத்தில் துருவேறும், சுற்றுக்குச் சுற்று தளரும், உள்பக்கம் மடங்கிய முனை லேபிளைக் கீறும்.

அடித்தட்டு தனி: 265க்கு 175 மி.மீ, 3 பிளை. பெட்டியோடு ஒட்டக் கூடாது. எண்ணெய்ச் சொட்டு, தேன் பிசுக்கு எல்லாம் அதில்தான் இறங்கும். ஒவ்வொரு சுற்றிலும் எடுத்துப் பாருங்கள். கறை பட்டிருந்தால் எறிந்துவிட்டுப் புதுத் தட்டு போடுங்கள். அட்டையைக் கழுவ முடியாது. இனிப்புப் பிசுக்கு இருந்தால் எறும்பு வரும், ஃப்ளூட் சந்துக்குள் கரப்பான் முட்டைக்கூடு வைக்கும். உணவுப் பொருள் போகும் பெட்டியில் அதைவிட மோசமான விஷயம் வேறில்லை.

பார்ட்டிஷனும் கைத்துளையும்

பார்ட்டிஷன் உயரம் 230 மி.மீ. ஒருதடவைப் பெட்டியில் தோள்வரை வந்தால் போதும், இங்கே போதாது. திரும்பும்போது ஒரு பாட்டில் குறைந்தால் பக்கத்துப் பாட்டில் அந்தக் காலி அறைப் பக்கம் சாயும். தோளுக்கு மேலே 40 மி.மீ அட்டை நின்றால்தான் கழுத்தும் கழுத்தும் உரசாது. நீளத்துண்டு ஒன்று, குறுக்குத்துண்டு இரண்டு. வெட்டு பாதி உயரம், அகலம் 3.5 மி.மீ. வெட்டு அகலமானால் பார்ட்டிஷன் சாய்ந்து அறை கோணும்.

கைத்துளை குட்டைப் பக்கச் சுவர்களில்: 85க்கு 28 மி.மீ, மேல்விளிம்பிலிருந்து 60 மி.மீ கீழே. இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது, படத்தில் பார்த்தால் தெரியாது. அகலத்தில் இரண்டே அறை என்பதால் நீளப் பார்ட்டிஷன் குட்டைச் சுவரின் சரிநடுவில் வந்து முட்டும். கைத்துளையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. விரலை நுழைத்தால் பார்ட்டிஷன் ஓரத்தில் இடிக்கும். இரண்டு தடவை தூக்குவதற்குள் அந்த ஓரம் மடங்கிக் கசங்கிவிடும். நீளத்துண்டின் இரண்டு முனையிலும் 185 மி.மீ உயரத்துக்கு மேலே 35 மி.மீ அகலம் வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த உயரத்தில் பாட்டில் கழுத்துப் பகுதி என்பதால் விரலுக்கு இடம் தாராளம்.

துளையின் முனைகள் அரைவட்டமாக இருக்க வேண்டும். சதுர மூலையாக வெட்டினால் கிழிசல் அந்த மூலையில்தான் தொடங்கும்: முதலில் வெளிப்பேப்பரில் மயிரிழை, அடுத்த சுற்றில் ஃப்ளூட் தெரியும், அதற்கடுத்து கையோடு வந்துவிடும். துளையில் வெட்டிய அட்டையை முழுசாக எடுத்துவிடாமல் மேல் ஓரத்தை விட்டுவைத்து உள்ளே மடியுங்கள். தூக்கும்போது விரல் கூரான ஓரத்தில் படாது, எடை மடிப்பின் அகலம் முழுவதிலும் பரவும்.

மூடியும் பூட்டும்

பிரவுன் டேப் இந்தப் பெட்டியைத் தொடவே கூடாது. டேப்பை உரித்துப் பாருங்கள்: வெளிப்பேப்பரின் மேல்நார் அதோடு சேர்ந்து வரும், அட்டையில் வெளிறிய பட்டை நிற்கும். அந்தப் பட்டையில் இரண்டாவது டேப் ஒட்டாது, ஈரம் மட்டும் உள்ளே இறங்கும்.

பெட்டியின் மூடி பின்சுவரிலிருந்து முழு அகலமும் வந்து, முன்சுவருக்கு வெளியே 50 மி.மீ இறங்கட்டும். அதன் நடுவில் 70 மி.மீ அகலம், 30 மி.மீ நீளத்தில் ஒரு நாக்கு. முன்சுவரில் அதற்கு நேராக 72க்கு 9 மி.மீ துளை. நாக்கை மட்டும் டையிலேயே அழுத்தித் தட்டையாக்கச் சொல்லுங்கள், 6.5 மி.மீ அட்டை அப்படியே நுழைந்தால் துளை மூன்றே சுற்றில் பிய்ந்துவிடும். நாக்கு நடு அறையின் அகலத்துக்குள்ளேயே முடிவதால் பார்ட்டிஷனில் முட்டாது. குட்டைப் பக்கங்களிலிருந்து மூடிக்கு அடியில் தூசி புகாமல் தடுக்கும் 80 மி.மீ மடிப்பு இரண்டு. கூரியரில் போனால் மேலே குறுக்கே ஒரு சுற்றுப் பருத்திக் கயிறு; விளிம்பில் அரைவட்டப் பள்ளம் வெட்டியிருந்தால் கயிறு நழுவாது.

மூடி மடியும் கோடுதான் பெட்டியின் ஆயுள். ஒரு சுற்றில் அது ஐந்து தடவை மடியும் என்று வையுங்கள். 6 சுற்றுக்கு 30. அந்த இடத்தில் ஒற்றை க்ரீஸ் (அழுத்திப் போடும் மடிப்புக்கோடு) போடாமல் 6 மி.மீ இடைவெளியில் இரட்டை க்ரீஸ் போடுங்கள். வெளிப்பேப்பர் ஒரே கோட்டில் இழுபடாமல் இரண்டு கோட்டில் வளையும். மாதிரியில் 60 தடவை மடித்துத் திறந்து பார்த்து, விரிசல் இருந்தால் பேப்பரை மாற்றச் சொல்லுங்கள். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கோடைக்கால வறட்சியில் அட்டையின் ஈரம் 6 சதவீதத்துக்குக் கீழே போனால் நல்ல பேப்பரும் வெடிக்கும். 7லிருந்து 9 சதவீதத்துக்குள் இருக்கும்போதுதான் க்ரீஸ் அடிக்க வேண்டும்.

அச்சும் பூச்சும்

மெழுகுப் பூச்சும் பாலித்தீன் படலமும் வேண்டாம். ஈரத்தைத் தடுக்கும், ஆனால் கடைசியில் பேப்பர் ஆலையில் கூழாகக் கரையாது. வெளிப்பக்கத்துக்குத் தண்ணீரில் கலந்த அக்ரிலிக் பூச்சு போதும். மழைத்தூறலையும் வேர்த்த கையையும் தாங்கும். நனைந்த தரையை எந்தப் பூச்சும் தாங்காது. கிடங்கில் மரப்பலகை மேல்தான் வைக்க வேண்டும்.

முகவரி ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில் மட்டும் இரண்டு தடவை வார்னிஷ் பூசி, கட்டம் போட்டு அச்சிடுங்கள். அங்கே ஸ்டிக்கர் நார் பிய்க்காமல் உரியும். திரும்பி வர வேண்டிய முகவரியை மூடியின் உள்பக்கத்தில் நிரந்தரமாக அச்சிடுங்கள். அதற்குக் கீழே வாடிக்கையாளருக்கு மூன்றே வரி: பாட்டிலை வடியவிட்டு மூடியோடு நிமிர்த்தி வையுங்கள், டேப் ஒட்டாதீர்கள், வேறு பாட்டில் வைக்காதீர்கள். பக்கத்தில் ஆறு வட்டம். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பாட்டில் நிரப்பும் இடத்தில் ஒரு வட்டத்தைப் பேனாவால் அடித்துவிடலாம். கணக்குப் புத்தகம் தேவையில்லை.

சோதனை

மூன்று பெட்டியில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வையுங்கள், எடை சற்றுக் கூடினாலும் நல்லதே. 75 செ.மீ உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் பத்துத் தடவை போட வேண்டும்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பு, பிறகு ஆறு முகம். அதே பெட்டியைத் தூக்கி எறியாமல், பாட்டிலை வெளியே எடுத்து, மூடி இல்லாத காலி பாட்டில் ஐந்தை மட்டும் வைத்து, மறுபடி பத்துத் தடவை. பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது சோதனையைச் செய்வதில்லை. பார்ட்டிஷன் வெட்டுகள் கிழிவதும், கழுத்து மோதி வாய் சில்லாவதும் இதில்தான் வெளிப்படும். வாயில் சில்லு போன பாட்டிலை மறுபடி நிரப்பவே கூடாது; ஆகவே உடையவில்லை என்பதோடு நிற்காமல் ஒவ்வொரு வாயையும் விரல் வைக்காமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

பிறகு சுற்றில் இருக்கும் பெட்டிக்கு வாசலிலேயே ஒரு பார்வை. கீழ் மூலை நான்கையும் கட்டைவிரலால் அழுத்துங்கள்: நல்ல அட்டை எதிர்த்து நிற்கும், ஈரம் ஏறியது பஞ்சு மாதிரி உள்வாங்கும். உள்வாங்கினால் கழித்துவிடுங்கள். கைத்துளையில் கிழிசல் 5 மி.மீக்கு மேல் போயிருந்தாலும், மூடிக்கோட்டில் ஃப்ளூட் தெரிந்தாலும், நாற்றம் இருந்தாலும் அது முடிந்தது. வட்டம் பாக்கி இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம். பார்ட்டிஷன் மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாம், அதற்காக ஆர்டர் கொடுக்கும்போதே பெட்டிக்கு ஒன்றரை மடங்கு பார்ட்டிஷனும் ஆறு மடங்கு அடித்தட்டும் சேர்த்து வாங்கி வையுங்கள்.